சிகரெட் பாக்கெட்டில் வந்த பேஸ்பால் அட்டையைப் படிப்பது எப்படி

பழைய அமெரிக்க பேஸ்பால் அட்டை ஒன்றை யாரிடம் காட்டினாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். யார் இந்த ஆள், எந்த அணி, ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த அட்டையை அச்சடித்த கம்பெனிக்கு அந்த முகம் தூண்டிலில் மாட்டிய புழு, அவ்வளவுதான். விற்க வேண்டிய சரக்கின் பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது. அதனால் நான் சொல்லப்போகும் வழியும் அங்கேதான் ஆரம்பிக்கிறது: அட்டையைத் திருப்பிப் போடுங்கள், முகத்துக்கு அப்புறம் வரலாம்.

பேஸ்பால் விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழைய விளம்பரம், பழைய அச்சு, பழைய காகிதம் இதில் எதன் மேலாவது கொஞ்சம் ஆசை இருந்தால் போதும். நாம் பேசுவது ஏறத்தாழ 1886 முதல் 1914 வரை புகையிலையோடு வந்த அட்டைகளைப் பற்றி மட்டும். சூயிங்கம்மோடு வந்தவை, 1950களிலிருந்து டாப்ஸ் கம்பெனி அடித்துத் தள்ளியவை, இதெல்லாம் வேறு கதை.

அட்டைக்கு எங்கே போவது

காசு செலவழிக்க வேண்டாம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் பெஞ்சமின் எட்வர்ட்ஸ் சேகரிப்பு என்று ஒன்று இருக்கிறது. 1887 முதல் 1914 வரையிலான சுமார் 2,100 அட்டைகள், பெரிதாக்கிப் பார்க்கிற தரத்தில், இலவசமாக. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1954இல் நூலகத்துக்குக் கொடுத்தது அது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் பெரியது உண்டு: சிரக்யூஸ் ஊரில் மின்சாதனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் சேர்த்துக் கொடுத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகள். அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல்.

பர்டிக்கை நினைவில் வையுங்கள், ஏனென்றால் டி206, என்172 என்று எல்லாரும் மந்திரம் மாதிரிச் சொல்கிற எண்கள் அவர் வைத்தவை. 1939இல் முதல் பதிப்பு வந்த அவருடைய பட்டியலில் என் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, ஈ என்றால் மிட்டாய்க்காரர்களின் அட்டை. மூட்டுவாதத்தில் விரல் மடங்கிப் போன மனிதர், கடைசிக் காலத்தில் அந்த அருங்காட்சியகத்திலேயே உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாக ஒட்டி முடித்துவிட்டு 1963இல் இறந்தார். இத்தனைக்கும் அவருக்கு பேஸ்பாலில் பெரிய ஆர்வம் கிடையாது. இந்த அட்டைகளை விளம்பரமாகவே பார்த்த முதல் ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

பின்பக்கப் படமும் இருக்கிற பதிவாகத் தேடி ஒன்றை எடுங்கள். முதல் முறை என்றால் டி206 நல்லது. 1909 முதல் 1911 வரை வந்தது, 520க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள், வெள்ளை ஓரம், சுமார் 3.7 சென்டிமீட்டர் அகலம், 6.7 சென்டிமீட்டர் உயரம். சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் தி மான்ஸ்டர், அதாவது அரக்கன். முழுத் தொகுப்பையும் சேர்க்க முயன்றவர்கள் வயிறெரிந்து வைத்த பெயராக இருக்கும்.

பின்பக்கத்தில் என்ன பார்ப்பது

முதலில் அளவு. ஏன் இவ்வளவு சின்னது? 1880களில் சிகரெட் மெல்லிய காகித உறையில்தான் விற்றது, சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும், அதற்காக உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். எப்படியும் போடவேண்டிய வெற்று அட்டை, அதில் ஒரு படத்தை அச்சடித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பம். பெட்டி வந்த பிறகும் அட்டையின் அளவு பாக்கெட்டுக்குக் கட்டுப்பட்டே இருந்தது. டி206இலேயே அமெரிக்கன் பியூட்டி என்கிற பிராண்டின் அட்டைகள் மற்றவற்றைவிட அகலம் கொஞ்சம் குறைவு, அந்த பாக்கெட் ஒடுங்கியது என்பதால். இது தெரியாதவர்கள் யாரோ ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்து பிராண்டு. டி206இன் பின்பக்கத்தில் 16 பெயர்களில் ஒன்று இருக்கும். பீட்மான்ட், ஸ்வீட் கேப்பொரல் இரண்டும்தான் அதிகம். பீட்மான்ட் நீல மை, ஸ்வீட் கேப்பொரல் சிவப்பு மை. ஓல்டு மில், சாவரின், சைக்கிள், டோல்ஸ்டாய், எல் பிரின்சிபே தே கேல்ஸ் என்று போகும். போலார் பேர் என்று ஒரு கரும்நீலப் பின்பக்கம் உண்டு, அது சிகரெட்டே இல்லை, மெல்லுகிற உதிரிப் புகையிலை. இன்றும், நேற்றும், நாளையும் இதுதான் சிறந்தது என்கிற பாணியில் கூச்சமே இல்லாத ஒரு வாசகம் அதில் இருக்கும். உதிரிப் புகையிலைக்குள்ளேயே கிடந்து வந்ததால் போலார் பேர் அட்டைகளில் பழுப்புக் கறை சகஜம்.

ஹிந்து என்றே ஒரு பிராண்டு இருக்கிறது, பழுப்பு மையில். நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்து அமெரிக்கச் சிகரெட்டுக்குக் கிழக்கத்தியப் பெயர் வைத்தால் உயர்ந்த சரக்கு என்கிற தோரணை வரும்: ஹாசன், மெக்கா, ஃபெஸ், டர்க்கி ரெட் எல்லாம் அந்த வரிசை. துருக்கிப் புகையிலை அப்போது மோஸ்தராக இருந்தது, எங்கே துருக்கி எங்கே இந்தியா என்று பெட்டிக்கடை வாசலில் யாரும் வரைபடம் விரித்துப் பார்க்கப்போவதில்லை. பெயரைப் பார்த்ததும் அது யாருக்கு என்ன கனவை விற்றது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். விளையாட்டு வீரரின் படத்தைவிட இது அதிகம் சொல்லும்.

அப்புறம் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. தொழிற்சாலை எண் 25, வர்ஜீனியா இரண்டாம் மாவட்டம்; அல்லது எண் 30, நியூயார்க் இரண்டாம் மாவட்டம்; இந்த இரண்டும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். இது வரி வசூலுக்காக வைத்த எண். எந்தத் தொழிற்சாலையில் தயாரான புகையிலை என்பது பாக்கெட்டில் தெரிய வேண்டும் என்று அரசாங்கம் கேட்டதன் எச்சம். சேகரிப்பவர்களுக்கு இது பெரிய வரம், எந்த அட்டை எந்தத் தொழிற்சாலைக்குப் போனது என்று இதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

கடைசியாக, பல அட்டைகளில் 150, 350, 350-460 என்கிற எண்களில் ஒன்று, இத்தனை படங்கள் கொண்ட தொடர் என்று. இந்த எண்தான் முழு வித்தை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கையால் சிகரெட் சுற்றுகிறவர் நிமிடத்துக்கு நான்கு சுற்றுவார். வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்த ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி, இதற்கு இயந்திரம் கண்டுபிடித்தால் 75,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜேம்ஸ் பான்சாக் என்கிற இளைஞர் செய்து காட்டினார், 1881இல் காப்புரிமையும் வாங்கினார். நிமிடத்துக்குச் சுமார் 200. பரிசு அறிவித்த கம்பெனி அதை முழுசாக நம்பி எடுத்துக்கொள்ளவில்லை. டர்ஹமிலிருந்த ஜேம்ஸ் டியூக் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பிரச்சினை தயாரிப்பில் இல்லை, விற்பனையில். ஒரே மாதிரியான சரக்கு மலையாகக் குவிகிறது, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வாரம் வாங்கினவன் அடுத்த வாரமும் இதே பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும். தொடர் எண் அந்தக் காரணம்.

1887இல் வந்த ஆலன் அண்ட் ஜின்டரின் உலகச் சாம்பியன்கள் வரிசையின் பின்பக்கத்தைப் பார்த்தால் 50 பேரின் பெயரும் பட்டியலாக இருக்கும். உன்னிடம் எது இல்லை என்று அந்த அட்டையே குத்திக்காட்டும். டி206 இதைவிடச் சாமர்த்தியம்: எண்ணிக்கையை மட்டும் சொல்லும், யார் யார் என்று சொல்லாது, ஒரு கட்டம் முடிந்தால் எண்ணைக் கூட்டிவிடும். எனக்கு இரண்டாவதுதான் கில்லாடித்தனமாகப் படுகிறது.

பின்பக்கத்தில் வீரரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, அதையும் கவனியுங்கள். புள்ளிவிவரம் இல்லை, பிறந்த ஊர் இல்லை. 1911இல் தங்க ஓரத்தோடு வந்த டி205இல்தான் சின்னக் குறிப்பும் ஆட்டக் கணக்கும் எட்டிப்பார்க்கின்றன.

இப்போது முன்பக்கம்

புகைப்படமா, வரைந்து அச்சடித்ததா என்று முதலில் பிரியுங்கள். நியூயார்க்கின் குட்வின் கம்பெனி ஓல்டு ஜட்ஜ் சிகரெட்டுக்காக 1886 முதல் 1890 வரை போட்ட என்172 அட்டைகளில் இருப்பது அசல் புகைப்படம், காகிதத்தில் கழுவி எடுத்து அட்டையில் ஒட்டியது, பழுப்பு நிறம். 500க்கும் மேற்பட்ட வீரர்கள், பலவிதமான நிலைகளில்.

இவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. ஒருவர் பந்தைப் பிடிக்கப் பாய்கிறார், முகத்தில் அவ்வளவு தீவிரம், பந்து காற்றில் நிற்கிறது. நன்றாகப் பாருங்கள், பந்துக்கு மேலே மெல்லிய நூல் தெரியும். கூரையிலிருந்து பந்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கிற மரமும் வானமும் திரைச்சீலையில் வரைந்தவை. இன்னொருவர் தரையில் சறுக்கி விழுகிறார், விழுந்த இடம் ஸ்டுடியோவின் தரை. ஓடுகிறவனை மைதானத்தில் பிடிக்கிற அளவுக்கு அந்தக் காலத்துக் கேமரா வேகமில்லை, அதனால் புரூக்ளினில் ஜோசப் ஹால் என்கிற புகைப்படக்காரரின் ஸ்டுடியோவுக்கு வீரர்களை வரவழைத்து நடிக்க வைத்தார்கள். கல்யாண ஸ்டுடியோ மாதிரிதான், மாலைக்குப் பதில் மட்டை.

தலைப்பு வரியையும் படியுங்கள். கிங் கெல்லி என்கிற வீரரை 1887இல் சிகாகோ அணி பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றது, அன்றைக்கு வாய்பிளக்க வைத்த தொகை. அந்த எண்ணை அவர் பெயரோடு சேர்த்தே அச்சடித்த அட்டை உண்டு. ஐபிஎல் ஏலத்து மறுநாள் வருகிற மீமுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா.

டி206 வேறு ஜாதி. அடியில் ஒரு புகைப்படம் இருக்கும், பாஸ்டனின் கார்ல் ஹார்னர் எடுத்த முகப்படங்கள் பல அதில் உண்டு, ஆனால் அதன்மேல் அச்சகத்து ஓவியர்கள் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள். ஆரஞ்சு வானம், பச்சை வானம், மாலை வெயில் எல்லாம் அவர்கள் கற்பனை. கீழே பழுப்பு மையில் குடும்பப் பெயரும் ஊரும் மட்டும். ஹோனஸ் வாக்னர் என்கிற வீரரின் அட்டையில் பிட்ஸ்பர்க் ஊரின் பெயரில் கடைசி ஹெச் எழுத்து இருக்காது. இதைப் பார்த்துப் போலி என்று கூவுகிறவர்கள் இருக்கிறார்கள். 1891 முதல் 1911 வரை அந்த ஊரின் அரசாங்க எழுத்துமுறையே அப்படித்தான். ஹெச் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உண்மையான பிழையும் உண்டு. ஷெர்ரி மெகீ என்கிற வீரரின் பெயரில் ஒரு எழுத்து மாறி மேஜி என்று கொஞ்ச காலம் அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது. திருத்தியது சில பத்து டாலர் சமாச்சாரம், பிழையானது ஆயிரக்கணக்கில். ஓர் அச்சுக்கோப்பாளரின் கைத்தவறு இப்படி விலைபோகிறது.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை

ஒரு அட்டையை மட்டும் பார்க்காமல் அது வந்த வரிசையைப் பாருங்கள். ஆலன் அண்ட் ஜின்டரின் அந்த 50 சாம்பியன்களில் பேஸ்பால்காரர்கள் 10 பேர்தான். மற்றபடி குத்துச்சண்டைக்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், படகோட்டிகள், பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள், துப்பாக்கி சுடுகிறவர்கள். கௌபாய் சாகசக் காட்சி நடத்திய பஃபலோ பில்லும் குறிதவறாமல் சுடுகிற ஆன்னி ஓக்லியும்கூட அதில்தான். இதே கம்பெனி பறவைகள், பல நாட்டுக் கொடிகள், பூர்வகுடித் தலைவர்கள் என்றும் வரிசை போட்டது. அன்றைய பொது ரசனை என்னவென்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைக்காது: தெருவில் எது பேச்சாக இருக்கிறதோ அது அட்டையில் ஏறும்.

நடிகைகளும் ஏறினார்கள், அதுவும் நிறைய, அன்றைய கணக்கில் அரைகுறை உடையில். ஜேம்ஸ் டியூக்கின் அப்பா வாஷிங்டன் டியூக் பக்திமான். இந்த மாதிரிப் படங்களைப் போட்டு விற்பது தப்பு, இளசுகளைக் கெடுக்கும் என்று மகனுக்கு 1894இல் கடிதமே எழுதினார். மகனின் கவலை விற்பனை. நடிகைப் படம் பெரியவர்களை இழுத்தது என்றால் பேஸ்பால் படம் சிறுவர்களையும் சேர்த்து இழுத்தது. புகையிலைக் கடை வாசலில் நின்று வெளியே வருகிறவரிடம் அட்டை கேட்டு நச்சரிக்கும் பையன்கள் அந்தக் காலத்து நகரத் தெருக்களின் வழக்கமான காட்சி. வாங்குகிறவர் அப்பா, கேட்கிறவன் மகன். 1910 வாக்கில் பெண்களையும் விடவில்லை: பட்டுத் துணியில் வீரர் படத்தை அச்சடித்துப் பெட்டியோடு கொடுத்தார்கள், சேர்த்துத் தைத்தால் தலையணை உறையோ போர்வையோ ஆகும்.

டி206இல் தெற்கு மாநிலங்களின் சின்ன லீகுகளில் ஆடிய 48 வீரர்கள் இருக்கிறார்கள். பெரிய லீக் என்கிற உச்சமட்டப் போட்டிகளின் ரசிகர்களுக்கு இவர்கள் யாரென்றே தெரியாது, ஏன் சேர்த்தார்கள்? திரும்பவும் பின்பக்கத்தைப் பாருங்கள். இவர்கள் பீட்மான்ட், ஓல்டு மில், ஹிந்து ஆகிய பிராண்டுகளோடு மட்டும் வருவார்கள். தெற்கு மாநிலங்களில் சரக்கு போகவேண்டும், அங்கே பெரிய லீக் அணி கிடையாது, அதனால் உள்ளூர் நாயகர்கள்.

இல்லாதவர்களையும் எண்ணுங்கள். டி206 முழுவதிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1880களின் கடைசியிலிருந்தே வெள்ளையர் லீகுகள் அவர்களை வெளியே தள்ளிவிட்டன, 1947இல் ஜாக்கி ராபின்சன் என்கிற கறுப்பின வீரர் வரும்வரை பெரிய லீகில் அதுதான் நிலைமை. கறுப்பின அணிகள் அப்போது ஆடிக்கொண்டுதான் இருந்தன, கூட்டமும் வந்தது. அட்டை போட்டவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஒரு நாட்டின் நினைவை ஒரு புகையிலைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

காலத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு குறுக்குவழி. 1890இல் ஐந்து பெரிய சிகரெட் கம்பெனிகளும் டியூக்கின் தலைமையில் அமெரிக்கன் டொபாக்கோ என்று ஒன்றாகிவிட்டன. போட்டி போச்சு, இனி யாரை ஜெயிக்க அட்டை போடுவது? சில வருடங்களில் பேஸ்பால் அட்டைகள் கிட்டத்தட்ட நின்றே போயின. 1909 வாக்கில் மீண்டும் வெள்ளம். 1911இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. 1913இல் ரெனால்ட்ஸ் கம்பெனி கேமல் சிகரெட்டைக் கொண்டுவந்தபோது, உள்ளே பரிசோ கூப்பனோ தேடாதீர்கள், புகையிலைக்கே அவ்வளவு செலவாகிறது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். அதுவும் விளம்பரம்தான், அட்டை இல்லை என்பதையே விளம்பரமாக்கினார்கள். ஆக, 1890களின் நடுவிலிருந்து 1908 வரையிலான அசல் அமெரிக்கச் சிகரெட் பேஸ்பால் அட்டை என்று யாராவது நீட்டினால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வாக்னர் விவகாரம்

இதைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். பிட்ஸ்பர்க் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்து தடுப்பவர்) ஹோனஸ் வாக்னர், அன்றைய மிகப்பெரிய பெயர்களில் ஒருவர், தன் படத்தைப் போட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டது, இன்று தெரிந்தவரை 50, 60 பிரதிகள் இருக்கலாம். அனுமதி வாங்கித்தர கம்பெனி ஒரு உள்ளூர்ப் பத்திரிகையாளரிடம் 10 டாலருக்குப் பேசியிருந்தது, அந்த ஆளுக்கு நஷ்டம் வரக்கூடாதென்று வாக்னரே 10 டாலர் காசோலை அனுப்பினார் என்று 1912இல் பத்திரிகைச் செய்தி வந்தது. பையன்கள் இதற்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். காசு தராமல் படம் போட்டதுதான் கடுப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர் புகையிலை மெல்லுகிறவர், அதற்கு முன்னால் ஒரு சுருட்டு விளம்பரத்திலும் அவர் படம் வந்திருக்கிறது, அதனால் முதல் காரணத்தை மட்டும் வைத்து அவரை மகானாக்க வேண்டாம். இரண்டும் கலந்திருக்கலாம்.

விலை? 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் ஒரு பிரதியை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அதே பிரதி 2007இல் 28 லட்சம் டாலர். வேறொரு பிரதி 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கிரெட்ஸ்கி வாங்கிய பிரதி மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று உயர்ந்த தரச்சான்று பெற்றது. அதன் ஓரங்களை விற்பனைக்கு முன்னால் தானே வெட்டி நேராக்கியதாக, அதை முன்பு வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் சீல் வைத்த சான்றிதழ் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்று போதும்.

நமக்கு உபயோகமான விஷயம் இது: வாக்னர் ஸ்வீட் கேப்பொரல், பீட்மான்ட் என்கிற இரண்டு பின்பக்கங்களோடுதான் கிடைத்திருக்கிறது, அதுவும் 150 எண்ணோடு. போலார் பேர் பின்பக்கத்தோடு ஒரு வாக்னர் வந்தால் முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அசலா, மறுபதிப்பா

டி206ஐ மறுபதிப்பாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற வகை. முதலில் பெயர் எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து முழுசாக, ஒரே மையில் நிரம்பியிருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தே குட்டிக்குட்டிப் புள்ளிகளாக உடைந்து தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் போலிகள் கழன்றுவிடும். அடுத்து முகத்தின் நிறம். அசலில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஓவியர் கையால் வைத்ததுபோல் இருக்கும். நவீன அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒரே சீராகப் பூ வடிவில் அணிவகுக்கும்.

பிறகு இருட்டறையில் யூவி (புற ஊதா) டார்ச் அடியுங்கள். 1950 வாக்கிலிருந்துதான் காகிதத்தை வெண்மையாக்க ஒளிரும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அதனால் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் புதுக் காகிதம். ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பழைய வெற்றுக் காகிதத்தில் அடிக்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்குவதும் பழைய தந்திரம். அப்படிச் செய்ததில் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், நூறு வருடம் கைபட்ட அட்டையில் மூலையும் ஓரமும்தான் முதலில் தேயும், நடுப்பகுதி அவ்வளவு அழுக்காகாது. மறுபதிப்பு என்கிற சொல்லைச் சுரண்டியெடுத்த தடம் பின்பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குவதென்றால்

பெயர் தெரியாத வீரர், பீட்மான்ட் பின்பக்கம், மூலை மழுங்கி, நடுவே ஒரு மடிப்பு. இதுதான் முதல் அட்டைக்குச் சரி. நூறு டாலருக்குள் கிடைக்கும். அன்றைய பெரிய நட்சத்திரங்களான டை காப் வேண்டும், மாத்யூசன் வேண்டும் என்று ஆரம்பித்தால் பையும் காலி, போலியிலும் மாட்டுவீர்கள். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு பக்க ஸ்கேனும் கேளுங்கள், மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

பழைய ஆல்பத்தில் ஒட்டிக் கிழித்த தடத்தோடு நிறைய அட்டைகள் வரும், பின்பக்கத்தில் கறுப்புக் காகிதம் அப்பிக்கொண்டு. டி206ஐக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் பசை இளகி அந்தக் காகிதம் வழுக்கிக்கொண்டு வரும், எண்ணெய் மையில் அச்சடித்தது என்பதால் நிறம் போகாது. தேய்க்கக்கூடாது. எடுத்ததும் ஒற்றுத்தாள் நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து, முழுசாகக் காயும்வரை தொடாதீர்கள். முதலில் விலையில்லாத ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள். ஓல்டு ஜட்ஜில் மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்: அது அட்டையில் ஒட்டிய புகைப்படம், தண்ணீர் பட்டால் ஆல்பத்தின் பசையோடு படத்தின் பசையும் சேர்ந்து விட்டுவிடும்.